சுங்கான் குத்திய கை

சுங்கானைக் கெளிறு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு மதியச் சாப்பாட்டில், கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் சோற்றுக் கோப்பையில் கிடந்த துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் கெளிறுதானே, மீசை இருக்கே என்றார். நான் சோற்றுக் கையோடு தொடங்கிவிட்டேன். கெளிறு வாவியின் உப்புத் தண்ணீரில் கிடக்கும், சுங்கான் குளத்து மீன். கெளிற்றுக்கு முதுகில் முள், சுங்கானுக்கு முதுகில் முள்ளே இல்லை. கெளிற்றைக் கரையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும், சுங்கான் ஈரச் சாக்குக்குள் கிடந்தும் உயிரோடிருக்கும். பாவம், அந்த மனிதர் மீன் தின்ன வந்தவர், பாடம் கேட்க வந்தவரில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மீசை வைத்ததெல்லாம் ஒரே மீன் என்று நினைத்தவர்களால் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணலும் தென்னையும் நாங்களும். என் கணவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். தோணியும் வலையும் அவர் கொண்டுவந்தவை. வீடு எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்குக் கிடைத்தது. நான் காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குச் சின்னப் பிள்ளைகளின் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வெட்டிய துணியைக் கட்டித் தருவார், நான் தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த மெஷினும் அந்தத் தோணியும்தான் எங்கள் அடுப்பை எரித்தன.

சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்கள் தோணியைக் கட்டிப்போட வைத்தார்கள். முதலில் இருட்டிய பிறகு வாவியில் இறங்கக் கூடாது என்றார்கள். மீன் என்ன ஊரடங்கு நேரம் பார்த்தா வலைக்கு வரும்? பிறகு பகலிலும் நடுவாவிக்குப் போகக் கூடாது என்றார்கள். கடைசியில் காரணம் ஒன்றும் சொல்லாமல், கொஞ்ச நாளைக்கு இறங்கவே வேண்டாம் என்றார்கள். கரையில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும்தான் பாஸ் தேவைப்படவில்லை.

அப்படி ஒரு வெயில் காலத்தில்தான் அவர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த என் அக்கா வீட்டுக்கு, வெள்ளாமை வெட்டுக்குப் போனார். அக்காவும் எங்கள் கரையில் பிறந்தவள்தான். அத்தானின் வயலுக்காக அங்கே போய்க் குடியிருந்தாள். மேற்குக் கரை இயக்கத்தின் கையில், கிழக்குக் கரை ஆமியின் கையில் என்றிருந்த நாள் அது. கூலிக்குக் கதிர் வெட்டப் போகிற மனிதன்கூட இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் போய்வர வேண்டும்.

வெட்டு முடிந்த நேரம் வயல் வட்டைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் குளம் வற்றிச் சேறும் களியுமாகக் கிடந்ததாம். குளம் வற்றினால் அந்த ஊரே கரப்போடு இறங்கும். கரப்பு என்பது அடி அகன்று மேலே வாய் குறுகிய பிரம்புக் கூடு. அதைக் களியில் குத்தி அமத்திவிட்டு, மேல்வாயால் கையை விட்டு உள்ளே அகப்பட்டதைப் பிடிக்க வேண்டும். சும்மா இருக்க மாட்டாத மனிதர், அவரும் ஒரு கரப்பை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

வாவிக்காரர்கள் கெளிறு பிடிக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் முதுகு முள்ளைத்தான் பார்ப்பார்கள். அதை ஒடித்துவிட்டு, மேலிருந்து கையைப் போட்டுத் தலையோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பார்கள். வெகு காலமாக அப்படியே பிடித்துப் பழகிய கை. களிக்குள் கறுப்பாக, வழுவழுவென்று, மீசையோடு ஒன்று அகப்பட்டதும் அவர் பழக்கப்படி முதுகைத் தடவிப் பார்த்தார். முள் இல்லை. முதுகில் முள்ளே இல்லாத மீனுக்கா இந்த ஊர் இவ்வளவு பயப்படுகிறது என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேலி செய்துவிட்டு, மேலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறார். சுங்கானுக்கு முள் கன்னத்துக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. இறுக்க இறுக்க அது முள்ளை விரிக்கும். வலது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதையில் ஏறிவிட்டது. எங்கள் கரை ஆளைத் தவிர வேறு யாரும் அந்த மீனை அப்படிப் பிடிக்க மாட்டார்கள் என்றாள் அக்கா.

சுங்கான் குத்தினால் அங்கே செய்கிற வைத்தியம் சூடுதான். தேங்காய் மட்டையைக் கொளுத்தித் தணலாக்கி, குத்துப்பட்ட கையை அதற்கு மேலே காட்டச் சொல்வார்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் காட்டினால் வலி இறங்கும். அவருக்கோ எது வலி, எது சூடு என்று பிரித்துப் பார்க்கிற நிலை இல்லை. தணலோடு தணலாகக் கையை வைத்துவிட்டார். தோல் பொரிந்து கருகிப்போயிற்று. அக்கா அதற்கு மேல் சுண்ணாம்பைப் பூசி, பழைய சாரத்துண்டால் கட்டிவிட்டாள். காய்ச்சல் விட்டதும், வீங்கிய கையோடு, வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன் என்று புறப்பட்டு, ஆரையம்பதிப் பக்கத்துத் துறையில் ஓடத்தை விட்டு இறங்கியிருக்கிறார்.

துறையடி முகாமில் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். கருகின கை. நடுவில் ஓட்டை. முழங்கை வரைக்கும் வீக்கம். விரலிடுக்கில் வெள்ளைத் தூள். அதுவும் படுவான்கரையிலிருந்து வருகிற கை. குண்டு செய்கிறவனின் கை என்று உடனே முடிவு கட்டிவிட்டார்கள். அவர் குளத்து மீன் குத்தியது என்றாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே ஓடத்தில் வந்த ஒரு ஊர்க்காரர் சைக்கிளில் வந்து எனக்குச் சொன்னபோது நான் மெஷினில் இருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கதிர் வெட்டுகிறவனின் கை வெட்டுப்படும், வலை இழுக்கிறவனின் கை அறுபடும், என் விரலில் ஊசி ஏறும். கை என்று ஒன்று இருந்தால் காயம் படத்தானே செய்யும்? காயம் படுவதற்கும் முன்கூட்டியே பாஸ் எடுத்து வைத்திருக்க வேண்டுமா?

முகாம் வாசலுக்குப் போனேன். அங்கே என்னைப் போல வேறு பெண்களும் வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அந்த வாசலில் பழகிப்போனவள், எனக்குச் சொன்னாள்: இங்கே வைத்திருக்கிற வரைக்கும் பயமில்லை, வெள்ளிக்கிழமை வாகனம் வரும், அதில் ஏற்றிவிட்டால் பிறகு எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவும் இடமில்லை. அவளுடைய மகன் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி ஏற்றப்பட்டவன். ஆனாலும் அவள் அந்த வாசலில்தான் குந்தியிருந்தாள், வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் புதன்.

எனக்குச் சிங்களம் தெரியாது. காத்தான்குடித் துணிக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் அவருடைய ஊருக்கும் என்னுடைய ஊருக்கும் நல்ல பேச்சுவார்த்தை இல்லை. ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக ஆமி முகாமுக்குப் போனால் அவரைத் தன் ஊரிலேயே நாலு பேர் கேட்பார்கள். நான் போய் நின்றதும் அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, முழுதையும் கேட்டார். பிறகு, "காலம்பற வாறன் புள்ள. மீனக் கொண்டு வாங்க. மீனில்லாம மீன் கதை சொல்ல ஏலா," என்றார். காக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன், முஸ்லிம் ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல். அந்த மனிதரின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

வீட்டுக்கு வந்து கணவரின் அண்ணனிடம் சொன்னேன். அவரும் வாவித் தொழில்தான், கட்டிக் கிடந்த தோணிக்குப் பக்கத்தில் வீச்சுவலையோடு நின்று கரையோரத்தில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தார். சுங்கானுக்கு இந்தப் பக்கத்தில் எங்கே போவது, படுவான்கரைக்குப் போய்வர ஒரு நாள் போகும் என்று சொல்லிவிட்டு, வாவிக் கெளிறு ஒன்றைப் பிடித்துத் தந்தார். இது அவர் சொன்ன மீன்தானா என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை.

"மீசை வைச்சதெல்லாம் ஒண்டுதான் கா," என்றார். "ஆமிக்காரனுக்கு என்ன தெரியப்போகுது?"

ஆமிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலை நானும் காக்காவும் அந்தக் கெளிற்றோடு போய் நின்றோம். அதிகாரி இளம் வயதுக்காரர், சட்டையில் ஒரு மடிப்பும் கலையாதவர். கத்தவில்லை, இருக்கவும் சொன்னார். கெளிற்றைப் பார்த்துவிட்டுச் சமையல்காரச் சிப்பாயைக் கூப்பிட்டார். அவன் தெற்குக் கடற்கரை ஊர்க்காரனாம். இந்த மீனை இங்கே அடிக்கடி வெட்டுகிறோம், முதுகு முள் எனக்கும் குத்தியிருக்கிறது, வலிக்கும், ஆனால் கை இப்படி ஆகாது என்று தன் கையை விரித்துக் காட்டினான். நல்ல சுத்தமான கை. பிறகு அதிகாரி நிதானமாகச் சொன்னதைக் காக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: உன் புருசன் குளத்து மீன் என்கிறான், நீ வாவி மீனைக் கொண்டுவருகிறாய், இரண்டு பேரும் முதலில் ஒரு கதையைப் பேசி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே.

மனிதர் உண்மையைச் சொல்லி உள்ளே இருக்கிறார், அவருடைய உண்மையைப் பொய்யாக்குகிற மீனை அவருடைய சொந்த அண்ணன் என் கையில் தந்து அனுப்பியிருக்கிறார். வாசலுக்கு வந்ததும் அந்தக் கெளிற்றைத் தூக்கி வாவிக்குள் எறிந்தேன். ஆமிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறதாம். எங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? எட்டிப் பார்த்தால் தெரிகிற அக்கரை. அங்கே என்ன மீன் கிடக்கிறது, அது எங்கே முள்ளை வைத்திருக்கிறது என்று அறியாமல், அறிய வேண்டும் என்ற எண்ணமும் இல்லாமல், சேற்று மீன் சேற்று மீன் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அந்தத் துறையிலிருந்தே ஓடம் ஏறி நான் அக்கரைக்குப் போனேன். அக்கா செய்தியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். அழுது முடித்த பிறகு பின்பக்கத்தில் இருந்த பானையைத் திறந்து காட்டினாள். அடியில் ஒரு சாண் தண்ணீரும் கொஞ்சம் களியும். அதற்குள் சுங்கான்கள் கிடந்தன, அவர் இறங்கிய அதே குளத்தில் அன்று பிடித்தவை. இத்தனை நாள் எப்படி உயிரோடு கிடக்கின்றன என்று கேட்டேன். பேசாமல் பார் என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே வந்தது, வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு குடித்தது, திரும்ப அடிக்குப் போயிற்று. தண்ணீர் வற்றினாலும் களி ஈரமாக இருந்தால் அதற்குப் போதுமாம்.

அக்கா அவற்றில் ஒன்றை வெட்டுவதற்காக எடுத்தாள். எடுத்த முறையைப் பார்த்தேன். மேலிருந்து தொடவே இல்லை. அடி வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, களியோடு சேர்த்து அள்ளி, சாம்பலில் போட்டாள். பாக்குவெட்டியால் இரண்டு பக்கத்து முள்ளையும் நறுக்கிய பிறகுதான் கையால் பிடித்தாள்.

"முதுகைப் பாக்கப்படா தங்கச்சி," என்றாள். "கன்னத்தைப் பாக்கணும்."

நான் கன்னத்தையும் பார்த்தேன், மற்றதையும் பார்த்தேன். இனி ஒரு முறை என்னை யாரும் பொய்க்காரி என்று சொல்ல விடக் கூடாது என்று இருந்தது. மீசை எட்டு. கெளிற்றுக்கும் எட்டு, அதனால் மீசையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. தலை மேலும் கீழுமாக அமத்திவிட்டது போலத் தட்டை. முதுகில் ஒரு சின்னச் செட்டை, தையல் மிச்சத்தில் வெட்டி ஒட்டின துண்டு மாதிரி, அதில் முள் இல்லை. கெளிற்றுக்கு அதற்குப் பின்னால், வாலுக்கு முன், கொழுப்பு மாதிரி இன்னொரு செட்டை இருக்கும்; இதற்கு அதுவும் கிடையாது. அடியில் வயிற்றிலிருந்து வால் வரைக்கும் ஒரே செட்டை, பாவாடைக்கு வைத்த கரை போல நீளமாக. கன்னத்துக்குப் பின்னால் அந்த இரண்டு முள். பார்வைக்கு அற்பம். என் பெரிய ஊசியை விடக் கொஞ்சம் தடிப்பு, ஓரத்தில் அரம் போலப் பல்.

வெள்ளிக்கிழமை விடிகிற வெள்ளாப்பிலேயே, இருந்ததில் பெரிய சுங்கான் ஒன்றைத் தகர வாளியில் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அந்தக் கரையில் இயக்கத்துப் பையன்கள் காவல் நிற்கிற சென்றியில் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆமிக்கா மீன் கொண்டு போகிறீர்கள் என்று ஒருவன் விறைப்பாகக் கேட்டான். ஓம், ஆமிக்குத்தான், கொடுத்துத்தான் என் புருசனை எடுக்க வேண்டியிருக்கிறது, உங்களிடம் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அவன் வழியை விட்டான். இவர்களும் எங்களுக்காகத்தானாம், அவர்களும் எங்களுக்காகத்தானாம். நடுவில் ஒரு வாளி மீனோடு நான்.

சொல்லி வைத்தபடி காக்கா துறையில் எனக்கு முன்பே வந்து நின்றார். முகாமுக்குள் போனபோது அந்த வாகனமும் வந்து நின்றது, பின்பக்கம் திறந்தபடி.

அதிகாரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். இன்றைக்கு வேறு மீனா என்று கேட்டதாகக் காக்கா சொன்னார். நான் பேசத் தொடங்கினேன். முந்தின நாள் கொண்டுவந்தது பிழையான மீன், இதுதான் குளத்து மீன், இது குத்தினால் நெருப்பில்தான் காட்டுவார்கள், வேண்டுமானால் ஆள் அனுப்பி ஊரில் கேளுங்கள், கேட்காமல் ஒரு மனிதனைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்தச் சட்டம் இடம் தந்தது என்று எல்லாம் சொன்னேன். நான் ஒரு முழம் பேசினால் காக்கா அதை ஒரு சாணாக்கிச் சிங்களத்தில் சொன்னார். என் கோபத்தை முழுக்க வடிகட்டிவிட்டு வெறும் மீனை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புகிறார் என்று எனக்கு விளங்கியது. முழுதாகச் சொல்லுங்க காக்கா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சமையல்காரன் வந்து, ஒரு குச்சியால் மீனைப் புரட்டினான். அவன் பார்த்ததும் முதுகைத்தான். கடற்கரைக்காரன், அவனும் என் கணவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி. நேற்றைய மீனுக்காவது முதுகில் முள் இருந்தது, இதற்கு அதுவும் இல்லையே என்று சிரித்தான். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். முதுகைப் பார்க்காதீர்கள், கன்னத்தைப் பாருங்கள், மேலிருந்து இறுக்கிப் பிடித்தால்தான் குத்தும் என்றேன். காக்கா சொன்னார். அதிகாரி அந்தச் சின்ன முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, இதுவா ஒரு மனிதனின் கையை அப்படி ஆக்கியது என்று தலையை ஆட்டினார். கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார்.

அப்போது வாகனத்தின் எஞ்சின் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதாக வந்தவர் அவர். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள், அந்தப் பொரிந்த கையையும் சேர்த்து. என்னைக் கண்டார். தலையை வேண்டாம் என்பது போல அசைத்தார். எது வேண்டாம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, அவருக்கு என் குணம் தெரியும்.

வலது கை மெஷினுக்கு வேண்டும் என்ற நினைவு அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது. இடது கையை வாளிக்குள் விட்டேன். வாவிக்காரர்கள் கெளிறு பிடிக்கிற மாதிரி, மேலிருந்து, தலையோடு சேர்த்து, எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன்.

சத்தம் போடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். போட்டேன். முகாம் முழுதும் திரும்பிப் பார்க்கப் போட்டேன். முள் ஏறியது ஒரு நொடி, அதற்குப் பிறகு யாரோ கைக்குள் காய்ச்சின எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பது போல வலி தோள் வரைக்கும் ஏறிக்கொண்டு வந்தது. அப்படியே மணலில் இருந்துவிட்டேன். இருந்துகொண்டு திட்டினேன். அதிகாரியை, சமையல்காரனை, வாகனத்தை, வாவியை மூடினவர்களை, அக்கரையில் துவக்கோடு நிற்கிற பையன்களை, என் கணவரின் அண்ணனை, முள் இல்லை என்று கேலி செய்த என் கணவரை, எல்லாரையும் ஒரே மூச்சில் திட்டினேன். காக்கா அதில் ஒரு சொல்லையும் சிங்களத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவர் தோளில் கிடந்த துவாயால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அல்லாஹ்வே, என்ன வேலை புள்ள பாத்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அதிகாரி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ அரிசி வேகுதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி. விரல்கள் முதலில், பிறகு புறங்கை, பிறகு மணிக்கட்டு. காப்பை யாரோ வெட்டி எடுத்தார்கள். வெயில் ஏறி வரும்போது வீக்கம் முழங்கையைத் தொட்டிருந்தது. அப்போதுதான் அவரைக் கட்டவிழ்த்துக் கொண்டுவந்து, அவருடைய வலது கையையும் என்னுடைய இடது கையையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். ஓட்டை இரண்டு கையிலும் ஒரே இடத்தில் இருந்தது.

அவர் குனிந்து என் காதுக்குக் கிட்ட, "விசரி. மெஷின் கை இல்லத்தானே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அதிகாரி இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். வீக்கம் சரி, ஓட்டை சரி, ஆனால் கருகல் எப்படி என்று கேட்டார். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டார். நான் காக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"நெருப்பையும் கொண்டு வரச் சொல்லுங்க காக்கா. அதையும் வைச்சுக் காட்டுறன்."

காக்கா துவாயைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, நான் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். குரலையும் என் குரல் மாதிரியே வைத்துச் சொன்னார். அதிகாரி எங்கள் கைகளை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து, இந்த மனிதனின் வலது கையில் உள்ள காயம் மீன் குத்தியது, போக விடவும் என்று எழுதி, கையெழுத்து வைத்து அவரிடம் நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு சொல் சிங்களத்தில் இல்லையா என்று நான் காக்காவிடம் கேட்டேன். இருக்குது புள்ள, நடங்க என்றார் அவர்.

மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அந்த வாகனம் போயிற்று. வேப்பமரத்துக்குக் கீழே இருந்த பெண்கள் அதற்குப் பின்னால் ஓடினார்கள். அவர்கள் எந்த மீனைக் கொண்டுவந்து காட்டுவது?

வாசலுக்கு வந்த பிறகு ஒரு சிப்பாய் என் வாளியைக் கொண்டுவந்து தந்தான். கழுவித் தந்திருந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. சமையல்காரன் மீனைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டானாம். கன்னத்து முள்ளை நறுக்கிவிட்டுத்தான் பிடித்தான் என்று காக்கா சொன்னார். ஒரு காலையில் பாடம் படித்துவிட்டான். நான் திரும்பிப் போய்க் கேட்கப் பார்த்தேன். இரண்டு ஆண்களுமாகச் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் காக்கா வடக்கே காத்தான்குடிப் பக்கம் போனார், நாங்கள் தெற்கே வீட்டுப் பக்கம் நடந்தோம். ஒருவர் வலது கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் இடது கையைத் தூக்கிக்கொண்டு. கொஞ்சத் தூரத்தில் அடுத்த சென்றி. அவர் தாளை நீட்டினார். அங்கே நின்ற சிப்பாய் அதை வாசித்தான், அவருடைய கையைப் பார்த்தான், சிரித்தான், போகலாம் என்றான்.

பிறகு என் கையைப் பார்த்தான்.

இதுவும் அந்த மீன்தான் என்று அவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். ஒரு ஆள், ஒரு கை, வலது கை. அந்தப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான், அது வெறுமையாக இருந்தது. மீன் எங்கே என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். நான் வாளியைத் தூக்கிக் காட்டினேன். அவன் அதற்குள் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மணல்மூட்டைக்குப் பக்கத்தில் போய் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அந்த அதிகாரியிடம் ஆள் அனுப்பிக் கேளுங்கள் என்றோம். அவர் வாகனத்தோடு போய்விட்டார் என்றான்.

என்னிடம் திட்டுவதற்குச் சொல்லும் மிச்சமில்லை. மணல்மூட்டையில் சாய்ந்துகொண்டு இருந்தேன். அவர் குனிந்து வெறும் வாளிக்குள் பார்த்தார்.

"கிறுகி அக்காட்டப் போய் ரெண்டு வாங்கிட்டு வாறன்," என்றார். "ஒண்டு இவனுகளுக்குக் காட்ட, ஒண்டு இவனுகள் தின்ன."

நல்ல கையால் வாளியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வந்த வழியே துறைக்குத் திரும்பி நடந்தார்.